நீ எழுதாமல் விட்டது

கோட்டைக்குப்பம்
18.5.2024

அன்பு மகள் சுபாவுக்கு,

எல்லையம்மன் துணையால் இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளை தினகரனும் என் பேத்தி இனியாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே எழுது. திரும்பத் திரும்பப் படித்துக்கொள்வேன்.

உன் நைனா ஜெர்மனி வந்து சேர்ந்ததும் பேசினார். முகத்துவாரத்தை மணல் மூடி இங்கே ஏரி வற்றிக் கிடக்கிறது. மீன்பிடித் தொழில் இல்லை. அதனால்தான் நீங்கள் லீவுக்கு ஊர் சுற்றப் போகும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். நான் வரவில்லை என்று இன்னும் முறுக்கிக்கொண்டிருக்காதே. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருக்கிறேன். கட்டியவள் ஊர் எல்லையைத் தாண்டலாமா?

ஒன்று சொல்கிறேன். அங்கே எதை வாங்கினாலும் விலையை நம் காசில் மாற்றி அவரிடம் சொல்லாதே. அப்புறம் மனுஷன் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

உன் அம்மா,
ஹேமாவதி


பாரிஸ்
27.5.2024

அன்புள்ள அம்மா,

நைனாவைப் பற்றிக் கவலையே படாதே. ஆம்ஸ்டர்டாமில் வாய்க்கால் ஓரம் நின்றுகொண்டு, "தண்ணி கீது, படகு கீது, ஒருத்தன் கையிலயும் வலை இல்லியே. இன்னா ஊருடி இது?" என்றார். இங்கே ஈபிள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கடலே இல்லாத ஊருல எதுக்குடி இம்மாம் பெரிய லைட் அவுசு?" என்றார். ரயிலில் பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி இனியா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அவர் தோளைவிட்டு இறங்குவதில்லை. தினகரனுக்குக் கொஞ்சம் பொறாமைதான். "உங்கப்பா வந்ததுல இருந்து நான் இந்த வீட்ல டிரைவர்" என்கிறார்.

அடுத்து வெனிஸ். கடலோர ஏரிக்குள் கட்டிய ஊர் என்று சொன்னதிலிருந்து நைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன்,
சுபஸ்ரீ


வெனிஸ்
1.6.2024

அம்மா,

முதலில் இதைப் படி. இனியா பிழைத்துவிட்டாள். நைனாவும் பிழைத்துவிட்டார்.

நேற்று பூரானோ என்ற தீவுக்குப் படகில் போனோம். வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு நிறம். தீவின் கோடியில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. வரிசையாகக் கம்புகள் நட்டிருந்தார்கள். "நம்ம ஏரியத் தூக்கினு வந்து இங்க வெச்சிட்டானுங்க" என்று நைனா குதித்தார். குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு நானும் தினகரனும் ஐஸ்கிரீம் வாங்கப் போனோம். அதற்குள் அவர் அவளை இறக்கி, காலால் துழாவி மட்டிச் சிப்பி எடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

நம் ஏரியில் சேற்றுக்குக் கீழே மணல் காலைத் தாங்கும். வலை கட்டக் கம்பு நட்ட இடமென்றால் இடுப்பளவு தண்ணீர்தான். அதை நம்பிக் கம்பை நோக்கி நடந்திருக்கிறார். இங்கே அந்தக் கம்புகள் படகு போகிற ஆழத்துக்கு அடையாளமாம். சேற்றுக்குக் கீழே கால் ஊன்றத் தரையே இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது நைனா மார்பளவு புதைந்திருந்தார். கடல் ஏற்றம் தொடங்கித் தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்துவிட்டது. இனியாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு படகுக்காரர் பலகையை நீட்டி முதலில் குழந்தையை வாங்கினார். பிறகு நான்கு பேர் சேர்ந்து நைனாவை இழுத்தார்கள். பச்சைக் கோடு போட்ட கம்பளி ஒன்றை யாரோ அவள்மேல் போர்த்தினார்கள்.

இனிமேல் குழந்தையை அவரோடு தனியாக விட முடியாது என்று தினகரன் சொல்லிவிட்டார். டிசம்பரில் ஊருக்கு வருவதும் இல்லையாம். நைனாவுக்கு நாளைக்கே டிக்கெட் போட்டாயிற்று. என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

சுபா


கோட்டைக்குப்பம்
2.6.2024

சுபா,

படித்ததும் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. குழம்பு தீய்ந்து பக்கத்து வீட்டு முத்தம்மாள் வந்து அடுப்பை அணைத்தாள். அம்மன் முன்னால் போய் நின்றேன். கழுத்தளவு தண்ணீருக்கு மேலே குழந்தை தொங்குவதுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

மாப்பிள்ளை சொன்னதில் குற்றமே இல்லை. தெரியாத தண்ணீரில் பிள்ளையை இறக்குவானா ஒருத்தன்? உன் நைனா வரட்டும், பேசிக்கொள்கிறேன். நீ அவளுக்குத் திருநீறு பூசிப் படுக்க வை.

அம்மா


கோட்டைக்குப்பம்
9.6.2024

சுபா,

வந்த அன்றே உன் நைனாவை வாய்க்கு வந்தபடி பேசினேன். அதிலிருந்து அவர் ஏரிக்கரைப் பக்கமே போகவில்லை. கூட்டாளி சின்னதம்பி வந்து கூப்பிட்டும் எழவில்லை. என் பேச்சு உறைத்துவிட்டது என்று இருந்தேன்.

இன்று காலை அவர் போனில் இனியா பேசி அனுப்பியது வந்தது. அவருக்கு அதைத் திறக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினார். "தாத்தா, அப்பா அடிச்சாரே, இன்னும் வலிக்குதா?" என்று கேட்கிறாள்.

உன் கடிதத்தை எடுத்து மறுபடி வரி வரியாகப் பார்த்தேன். கம்பளியில் என்ன கோடு என்பதுவரை எழுதியிருக்கிறாய். மாமனார்மேல் மருமகன் கை நீட்டியதை எழுதவில்லை.

அவரைக் கேட்டேன். "புள்ளயப் பறி குடுக்க இருந்த அப்பண்டி. வுடு" என்றார்.

"சுபா இன்னா பண்ணா அப்போ?"

"நின்னா."

குற்றம் அவருடையதுதான். அதை நான் குறைக்கவில்லை. ஆனால் அடிபட்டு வந்த மனுஷனை நான் ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இனிமேல் எந்த ஊரைப் பற்றியும் எனக்கு எழுதாதே. நீ விட்டதை எழுது.

ஹேமாவதி


பிராங்க்பர்ட்
14.6.2024

அம்மா,

அடித்தார். படகுத்துறையில், அத்தனை பேர் பார்க்க, இரண்டு முறை. நைனா கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "புள்ளைக்குக் குளுருது பாரு" என்றுதான் சொன்னார்.

தினகரனுக்குப் பயந்து நான் நின்றுவிட்டேன் என்று நினைப்பாய். அதுதான் இல்லை. அவர் கை ஓங்கியபோது எனக்கும் நைனாவை அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. என்னைப் பெற்றவரை. அதை எப்படி உனக்கு எழுதுவேன்?

மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்கிறார் தினகரன். தினமும் அதுதான் சண்டை. டிசம்பரில் நானும் இனியாவும் மட்டும் வரட்டுமா? நைனாவைக் கேட்டு எழுது.

சுபா


கோட்டைக்குப்பம்
16.6.2024

சுபா,

உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எனுக்கே என்னிய அடிச்சிக்கணும் போலத்தான் இருந்துச்சு. பெத்தவளுக்கு இருக்காதா? வரச் சொல்லு" என்றார்.

நீயும் இனியாவும் வாருங்கள். அவளை ஏரியில் இறக்குவதானால் நீ கூட நிற்க வேண்டும். உன் நைனாவோடு தனியாக அனுப்ப எனக்கும் மனம் வராது.

மாப்பிள்ளை முதலில் உன் நைனாவைக் கூப்பிட்டுப் பேசட்டும். அதுவரை மாப்பிள்ளை சுகமா என்று நான் கேட்டு எழுத மாட்டேன்.

அம்மா