கருமுகிலின் ஏழாவது புத்தகம்

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஷிராணிக்கு அம்மா எழுதுவது.

மாதா உன்னையும் மருமகன் ரொஹானையும் அந்தக் கனடாக் குளிரில் பத்திரமாக வைத்திருக்கட்டும். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதினால் அது பொய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம் அடுத்த புதன்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய் அல்லவா, இந்தக் கடிதத்தை முழுதாக வாசிக்காமல் அதை அனுப்பிவிடாதே. உன் முன்னுரையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. முப்பது வருஷம் பிள்ளைகளின் கொப்பி திருத்தியவள் சொல்கிறேன், இது எழுத்துப் பிழை இல்லை.

போனில் சொல்லலாமே என்பாய். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததிலிருந்து, ஸ்பீக்கர் போடாமல் உன்னோடு ஒரு வார்த்தை பேச அவர் விடுவதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினாலும் அவர்தான் முதலில் திறந்து பார்ப்பார். இடது கையால் அது ஒன்றுதான் இப்போது சரியாக வருகிறது. அதனால் கீழ் வீட்டு றமீஸாவின் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். அவளுடைய மகள் ஷஹ்மா சனிக்கிழமை படிப்புக்காக உங்கள் ஊருக்குத்தான் வருகிறாள், கடிதம் அவள் கையில் வரும். பிரஷர் பார்க்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். றமீஸா பார்த்தாள், கூடித்தான் இருக்கிறது. ஆகவே முழுப் பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் முன்னுரையை வாசித்துக் காட்டினாயே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அப்பாவின் கருமுகிலை நீ புதிதாக எழுதப் போகிறாய் என்று தெரிந்த நாளில் நான் பாற்சோறு செய்து நாலு வீட்டுக்குக் கொடுத்தவள். மூடுபனிக்குள் மறைந்து வந்து தேயிலைத் தோட்டத்துச் சனங்களைக் காப்பாற்றும் ஒருவன், கறுப்பு முகமூடி, முதுகில் கறுப்பு அங்கி. கண்டியில் ஒரு சின்ன அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாக வந்தவனைக் கனடாவில் ஒரு பதிப்பகம் கேட்கிறது என்றால் சும்மாவா? நீ அதற்கு ரீபூட் என்று பெயர் சொன்னாய். போன் இறுகிப்போனால் நிற்பாட்டிப் போடுவோமே, அந்த மாதிரியா என்று கேட்டேன், சிரித்தாய். நிற்பாட்டிப் போட்டாலும் போன் அதே போன்தான் மகள். நீ ஆளையே மாற்றிவிட்டாய்.

சின்ன வயதில் நீ வாசித்த கருமுகிலுக்குத் தகப்பன் ஒரு டொக்டர், தாய் பாட்டு டீச்சர். ஏழாவது புத்தகத்தில் அந்தக் கதை வருகிறது. அவன் அநாதை என்று ஊரில் பரவிய கதை, வில்லன் கட்டிவிட்ட பொய் என்று அதிலேதான் அப்பா எழுதினார். முதல் ஆறு புத்தகங்கள் எங்கே என்று நீ கேட்டபோதெல்லாம், மகாவலி ஆறு பெருகி அச்சகத்துக்குள் வந்தபோது போய்விட்டன என்று சொல்லியிருந்தோம். இப்போது அலவத்துகொட ஊர் ஷப்ராஸ் தன் வாப்பாவின் பழைய கடையில் முதலாவது புத்தகத்தைத் தேடி எடுத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசுக்குக் கீழே, ஒரு பச்சைக் குழந்தை. முதுகு காட்டிப் போகிற ஒரு பெண். அதுதான் அப்பா முதலில் எழுதிய ஆரம்பம்.

அதைப் பார்த்துவிட்டு நீ துள்ளியது எனக்கு விளங்குகிறது. அந்த ஆரம்பத்தையே திரும்பக் கொண்டுவந்திருக்கிறாய், கொண்டு வா. ஆனால் முன்னுரையில் என்ன எழுதியிருக்கிறாய்? ஏழாவது புத்தகத்தில் என் தகப்பன் கோழையாகிப் போனார் என்று. பெற்றவர் யாரென்று தெரியாத பிள்ளையை வீரனாக ஊர் ஏற்காது என்று பயந்து, ஒரு நல்ல குடும்பத்தைப் பொய்யாகக் கொண்டுவந்து ஒட்டினார் என்று. நீ வாசித்து முடித்ததும் அப்பா சிரித்தார், நல்லாயிருக்கு, ஓர் எழுத்தும் மாற்றாதே என்றார். உனக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. போனை வைத்த பிறகு அவர் இடியப்பத் தட்டைத் தள்ளிவைத்ததை நான் பார்த்தேன். மூன்று நாளாகச் சரியான சாப்பாடில்லை. நான் வாயைத் திறக்கப் போனபோது, குழறிக் குழறி ஒன்றைத்தான் சொன்னார். கோழை என்றே இருக்கட்டும், பிள்ளைக்கு ஒன்றும் எழுதாதே.

நான் எழுதுகிறேன். மேலே அப்பா பெல் அடிக்கிறார், மருந்து நேரம். மிச்சத்தை வியாழக்கிழமை எழுதுவேன்.

வியாழக்கிழமை.

இன்றைக்கும் பிரஷர் என்றுதான் சொல்லி வந்தேன். ஒரு கிழமைக்குள் இரண்டு தரம் எதற்கு என்று கேட்டார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். வருஷக்கணக்காக ஆட்களின் முகத்தை வரைந்தவரிடம் முகத்தை மறைப்பது சுலபமில்லை. செவ்வாய்க்கிழமை எழுதியதை நான் அரிசி வாளிக்குள் வைத்திருந்தேன். இன்று எடுத்தபோது மடிப்பு வேறு மாதிரி இருந்தது போலப் பட்டது. பயத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. 1990இல் கருமுகில் முதலாவது புத்தகம் வந்தது. அந்த நாளில் ஒரு கன்னியர் மடத்தின் கலண்டர் அப்பாவின் அச்சகத்தில்தான் அடிப்பார்கள். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஒருவர் கலண்டர் எடுக்க வந்த இடத்தில், மேசையில் கிடந்த புத்தகத்தை நின்றபடியே வாசித்து முடித்தாராம். முடித்துவிட்டு, மிஸ்டர் கிறகரி, வரைவதோடு சரியா என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியை அப்பா ஒரு வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தார். அடுத்த ஆவணியில் சிஸ்டரோடு வேனில் ஏறி, ஹந்தானை மலைக்குப் பின்னால் இருக்கிற ஒரு தோட்டத்துக்குப் போனார். நான் போகவில்லை. பயம். வாசலில் நின்றேன். பின்னேரம் மழைக்குள் திரும்பி வந்து, பதினொரு நாள் வயதான உன்னை என் கையில் தந்தார்.

மகள், நான் உன்னைப் பெறவில்லை. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் றமீஸா தந்த தேத்தண்ணி ஆறிவிட்டது.

இனி என் குற்றத்தைக் கேள். கதையை மாற்றச் சொன்னது அப்பா இல்லை. நான். பிள்ளை வளர்ந்து எழுத்துக்கூட்டத் தொடங்கினால் முதலில் தகப்பனின் புத்தகத்தைத்தான் வாசிக்கும், வாசித்தால் கேட்கும், நான் என்ன பதில் சொல்வேன் என்று சண்டை பிடித்தேன். இரண்டு கிழமை அவர் மறுத்தார். இந்தக் கதை ஒரு நாள் அவளுக்குத் தேவைப்படும் மரியகொறற்றி என்றார். நான் கேட்கவில்லை. கருமுகில் வேண்டுமா நான் வேண்டுமா என்கிற அளவுக்குப் போனேன். அதற்குப் பிறகுதான் டொக்டர் தகப்பனும் பாட்டு டீச்சரும் வந்தார்கள். வில்லன் சொன்ன பொய் என்று எழுதச் சொன்னதும் நான்தான். உண்மையைச் சொன்ன பாவத்துக்கு அந்த வில்லன் ஏழாவது புத்தகத்தில் பாலத்திலிருந்து விழுந்து செத்தான்.

அதோடும் விட்டேனா? விற்காமல் கிடந்த முதல் ஆறு புத்தகங்களையும் கடை கடையாகப் போய்த் திரும்ப வாங்கி வரச் சொன்னேன். உமல் பையோடு பஸ் ஏறிக் கலகெதரை, அலவத்துகொட என்று அவர் அலைந்தார். தன் புத்தகத்தைத் தானே வாங்கி ஒளிக்கிற ஆளை உலகத்தில் வேறெங்கும் காணமாட்டாய். கொண்டுவந்ததையெல்லாம் அடுப்பில் போட்டது நான். ஷப்ராஸின் வாப்பா மட்டும் எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று சொல்லிவிட்டாராம், ஒரு பிரதி தனக்கென்று வைத்துக்கொண்டு. அவருக்குச் சுவனம் கிடைக்கட்டும் என்று சொல்லவா, திட்டவா என்று தெரியவில்லை.

கோழை என்ற சொல்லை வெட்டாமல் விடுவதென்றால், கிறகரி என்ற பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு.

வெள்ளிக்கிழமை.

இதை வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை.

காலையில் கிளினிக்குக்குப் போய் அப்பாவின் மருந்தை எடுத்துக்கொண்டு வர மத்தியானமாகிவிட்டது. படியேறும்போதே வீடு அமைதியாக இருந்தது, டிவி சத்தம் இல்லை. உள்ளே போனால் அரிசி வாளியின் மூடி திறந்து கிடக்கிறது. அப்பா கதிரையில் இருக்கிறார். இரண்டு நாள் கடிதமும் அவருடைய மடியில். கிழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு ஷஹ்மா போய்விடுவாள், புதன்கிழமை புத்தகமும் போய்விடும், இனி நான் எப்போது எழுதுவேன் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் மனதில் ஓடியது. மருந்துப் பையைக் கீழே வைக்கவும் பயந்து அப்படியே நின்றேன்.

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். பென்சில் கேட்டார்.

பாரிசவாதம் வந்த இந்த ஒன்றரை வருஷத்தில் பென்சில் கேட்டதே இல்லை. கொடுத்தேன். இடது கையில் பிடித்தார். காகிதம் நகர்ந்துகொண்டே இருந்தது, நான் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மணித்தியாலம். படத்தை இதோடு வைக்கிறேன். கோடெல்லாம் நடுங்கிப் போயிருக்கிறது, நீ சிரிக்கமாட்டாய் என்று தெரியும். ஒரு பெண், பத்தொன்பது இருபது வயது, மடுவத்துக்கு வெளியே நிற்கிறாள். முதலாவது புத்தகத்தில் முதுகு காட்டிப் போனவளுக்கு முகம் வைத்திருக்கிறார். அப்போது அது கற்பனை, அவருக்கு முகம் தெரியாது. அடுத்த வருஷம் வேனில் போன அன்று கண்டார். முப்பத்து நான்கு வருஷமாக அந்த முகத்தை அவர் எனக்குக் கூடச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இன்றுதான் பார்த்தேன். நெற்றி உன் நெற்றி. கோபம் வந்தால் நீ உதட்டை இறுக்குவாயே, அந்த உதடு.

வரைந்து முடித்ததும் அப்பா குழறிக் குழறிச் சொன்னார். சிஸ்டர் கையை நீட்டியபோது அவள் உன்னைக் கொடுத்தாளாம், திரும்ப வாங்கினாளாம், துவாயைச் சரியாகச் சுற்றி மறுபடியும் கொடுத்தாளாம். கட்டியவன் செத்து மூன்று மாதம், கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியவள். துவாய் மட்டும் புதுசு. கடையின் விலைச் சீட்டு ஓரத்தில் தொங்கியபடியே இருந்தது.

படத்தில் அந்தச் சீட்டையும் போட்டிருக்கிறார். ஒரு சின்னச் சதுரம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. நீயும் நினைத்துப் பார். ஏழாவது புத்தகத்திலிருந்து கருமுகிலின் அங்கி ஓரத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும். அது வரைபடமா, ஆயுதமா என்று வாசகர்கள் எத்தனை கடிதம் போட்டார்கள். அவர் யாருக்கும் சொல்லவில்லை. நான் அலங்காரம் என்று நினைத்தேன். நீயும் அர்த்தமில்லாத சதுரம் என்று சொல்லி உன் கருமுகிலிலிருந்து எடுத்துவிட்டாய். நான் கேட்டபடி பொய்யையும் எழுதிவிட்டு, புத்தகத்துக்குப் புத்தகம் அந்தப் பொய்யின் முதுகிலேயே உண்மையை வரைந்துகொண்டிருந்திருக்கிறார் மனுசன்.

அந்தச் சீட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தது நான். உன்னை முதல் முறை குளிக்க வார்த்த அன்று. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்னுடைய பத்திரங்கள் அலுமாரியில், அந்தோனியார் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. அவளுடைய பெயர் அதில் உண்டு. அந்த வரி தெரியாதபடி நான் மடித்து வைத்தேன், இன்றுவரை வாசித்ததில்லை. நீ வந்து பிரித்து வாசி. தேட வேண்டுமென்றால் தேடு, நானும் கூட வருகிறேன்.

புத்தகத்தை உன் விருப்பப்படி அச்சடி. மடுவத்தில் குழந்தை கிடக்கட்டும். டொக்டரும் பாட்டு டீச்சரும் போகட்டும், அவர்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சதுரத்தை மட்டும் இருந்த இடத்தில் திரும்ப வை மகள். அப்பா வேறொன்றும் கேட்கவில்லை. இன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது, கேட்கத் தைரியம் இல்லை. நீ வெளிநாடு போன நாளிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே சொல்லைத்தான் எழுதி வந்தேன். இன்றைக்கும் அதையே எழுதுகிறேன். இதுவரை வெட்டியதெல்லாம் நான். இதை வெட்டுவதென்றால், நீ வெட்டு.

ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார்.

அம்மா