நீலப் பலகை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அதில் பாதிதான் உண்மை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருங்கள். அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்றாம் படியில் நின்று கைப்பிடியைத் துடைப்பதுபோல் நடிக்கிறாள். இதயம் பலவீனம், எப்போது வேண்டுமானாலும் ஆம்புலன்ஸ் தேவைப்படும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வடக்கு மாவட்டங்களுக்கென்று அரசாங்கம் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புத் திட்டம் உனக்குத் தெரியும். நான் இருபத்திரண்டு வருடம் அவசர அழைப்பு எடுத்த அறையைப் பூட்டி, அழைப்புகளைத் தலைநகருக்கு மாற்றினார்கள். பேக்கரிக்குப் பின்னாடி பச்சை கேட் என்றால் எனக்குப் போதும், தலைநகரில் உட்கார்ந்து அழைப்பு எடுக்கும் பெண்ணுக்கு வீட்டு எண் வேண்டும். அதற்காக ஊர் முழுக்கப் புது எண். எனக்கு வர வேண்டிய உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் வேலை உன் மாமாவுக்குப் போனது, எனக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாதென்றா? அவன் புது எண் எழுதிய நீலப் பலகையோடு வந்து, "அத்தான், ரெண்டே ஆணி, நானே அடிச்சுடறேன்" என்றான். உன் ஆணி என் சுவரில் இறங்காது என்று அனுப்பினேன். அன்றோடு பேச்சு நின்றது. பழைய பதினேழாம் எண் அப்படியே தொங்கியது.

போன செவ்வாய் மதியம் ஆம்புலன்ஸ் நம் வாசலில் வந்து நின்றது. இருவர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி, "யாருக்கு சார் முடியல?" என்றார்கள். "இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், உங்க திட்டத்துக்குத்தான் முடியல" என்று நக்கலடித்தேன். அவர்களை நிறுத்திவைத்து இன்னும் கொஞ்சம் பேசினேன். புதுப் பதினேழு தெருக்கோடித் தையல்காரர் வீடு. அவர் மனைவி வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாளாம், எனக்கு முதுகுப் பக்கம். ஆம்புலன்ஸ் அங்கே போனபோது தையல்காரருக்கு எல்லாம் முடிந்திருந்தது. தெருவில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடந்துபோகும்போது என் வாசல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள்.

அன்று மாலையே, அவன் திண்ணையில் போட்டுவிட்டுப் போன நீலப் பலகையைத் தேடி மாட்டினேன், நம் புது எண் முப்பத்தாறு. மறுநாள் தலைநகர் அழைப்பு மையத்துக்குப் போன் செய்து சரிபார்த்தேன். அந்தப் பெண், "அது ஆளில்லாத வீடுன்னு இருக்கு சார், பலகையை அப்பவே மாட்டலைன்னா அப்படித்தான் பதிவாகும், அங்க வண்டி அனுப்ப மாட்டோம். மாத்தணும்னா உங்க ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து வேணும்" என்றாள். இரண்டு முறை உன் மாமாவின் அலுவலகம் வரை போனேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவன் தலை தெரிந்ததும் திரும்பிவிட்டேன்.

நீ அவனிடம் சொல், உன் பேச்சைத் தட்டமாட்டான். நான் கேட்டதாகச் சொல்லாதே. சரி, சொல்லிக்கொள். ஹாலிலிருந்து போனில் இதைப் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். உன் கைக்கு வரப் பத்து நாளாகும். அதுவரை அவளை மாடி ஏற விடமாட்டேன் என்று எழுத வந்தேன், படியில் கைப்பிடி துடைக்கும் சத்தம் கேட்கிறது.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். பதில் எழுதினால் உறையில் முப்பத்தாறு என்றே போடு.

இப்படிக்கு,
உன் அப்பா