ஆகாயக் கறை

ஜூன் 3, 2024, திங்கள்

ரிச்சர்ட்ஸ் டவுன் மாடியறையில் லுங்கியோடு அமர்ந்து, எட்டு ஊர்களில் எட்டுப் பேரை ஆளும் கிராஃபிக்ஸ் சக்கரவர்த்தியாகிய நான், இன்று கோலார் தங்கவயல்மீது போர் தொடுத்தேன். எதிரி ஸ்ரீலக்ஷ்மி. அங்கே வீட்டிலிருந்தே எனக்கு வேலை செய்கிறவள்.

சினிமாவில் நாயகன் கயிற்றில் தொங்கிப் பறக்கிறான். காட்சியிலிருந்து கயிற்றை அழித்துவிட்டாள், சரி. ஆனால் வீடியோ காலில் தன் திரையைக் காட்டினாளே, வானத்தில் பட்டை பட்டையாகக் கறை! சந்திரனிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

"அங்கிள், அது கால்ல மட்டும்தான் தெரியுது. நெட் அப்படி அமுக்கிக் காட்டுது. ஃபைல டவுன்லோட் பண்ணிப் பாருங்க."

எனக்கா பாடம்? தயாரிப்பாளர் கோவிந்தப்பாவுக்கு இந்த முதல் ஷாட் பிடித்தால் படத்தின் இரண்டாம் பாதி எங்களுக்கு. பிடிக்காவிட்டால் கடையைச் சாத்தவேண்டியதுதான்.

ஜூன் 4

திருத்தச் சொல்லி ஷாட்டை இரண்டு முறை திருப்பியடித்தேன். கறை அப்படியே.

ஜூன் 6

"உங்க கண்ணுக்கெல்லாம் என்னால வேல செய்ய முடியாது அங்கிள்." வீடியோ காலில் மற்ற ஏழு பேர் காதிலும் விழும்படி சொன்னாள்! அந்த நிமிடமே சர்வரில் அவள் கணக்கை மூடினேன். ஏழு பேரும் மைக்கை அணைத்துக்கொண்டார்கள். கோழைப் பட்டாளம்.

மௌரீன் காபியை வைத்துவிட்டு, "ஒரு தடவ தெறந்து பாத்தா கிரீடம் விழுந்துடுமா?" என்றாள். கட்டிய மனைவியும் எதிரணி.

ஜூன் 7

எட்டுப் பேரில் ஒருவன், மைசூர்க்காரன் நீல், அரை மணியில் கறையை ஒழித்தான். வானம் முழுக்க ஒரே நீலம் பூசிவிட்டான். வீடியோ காலில் பளிங்கு! அனுப்பியாயிற்று.

ஜூன் 10

கோவிந்தப்பா தியேட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"ஏனு சார் இது? ஆகாசத்துக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க! ஹீரோ பறக்கல, சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள இதோட இன்னும் மூணு ஷாட் வேணும். இல்லன்னா ஐதராபாத் கம்பெனிக்குப் போறேன்."

கதவைத் தாழிட்டு ஸ்ரீலக்ஷ்மியின் ஃபைலை இறக்கினேன். கறையைத் தேடினேன். பத்து மடங்கு பெரிதாக்கித் தேடினேன். மேகத்தின் இழைகூடக் கலையவில்லை. கறை — இல்ல. எங்கயுமே இல்ல. ஒரு வாரமா எங்க வீட்டு நெட்டுக்காக அந்தப் பொண்ணத் திட்டியிருக்கேன்? மீதி மூணு ஷாட்ட இப்ப யாரு செய்வா?

ஜூன் 11

ஒன்பதாவது அழைப்பில் எடுத்தாள். சுற்றி வளைத்து, தப்பு என்னுடையது என்றேன்.

"வர்றேன் அங்கிள். ஆனா இனிமே ஓகே சொல்றது நான். நீங்க இல்ல."

என்ன திமிர்! ராஜத்துரோகம்!

சரி என்றேன்.

ஜூலை 8

படத்தின் இரண்டாம் பாதி வேலை எங்களுக்கே வந்துவிட்டது. ஆள் போதாமல் நானும் ஒரு ஷாட்டில் கயிறு அழிக்க உட்கார்ந்தேன். ஸ்ரீலக்ஷ்மி இன்று மூன்றாம் முறையாகத் திருப்பியடித்தாள். கயிற்றின் நிழல் நாயகன் முதுகில் மிச்சம் இருக்கிறதாம்.

போய்ப் பார்த்தேன். இருக்கிறது, சனியன்.