செருப்புக்குள் கிடந்த கல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, தாத்தா வானொலிச் செய்தியோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்னதும் சுகமாக இருக்க வேண்டும். நம் குடும்பத்து நொண்டல் பிள்ளைக்கும் வருமா என்று போனில் அழுதாயே, அதற்குப் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிச் சமாதானப்படுத்த எனக்கு வராது. தாத்தாவின் அப்பா நொண்டி, தாத்தா இடது காலை இழுப்பார், நான் இழுக்கிறேன், நீயும் இழுக்கிறாய். எலும்பில் ஒன்றுமில்லை என்று சொன்ன வைத்தியர்கள் காரணம் சொல்லவில்லை. ஆகவே முதல் ஆளிலிருந்தே தொடங்கலாம் என்று, அவர் வேலை பார்த்த மரம் அறுக்கும் பட்டறையைத் தேடிப் போனேன்.

இப்போது அங்கே பிளாஸ்டிக் நாற்காலி விற்கிறார்கள். மாடியில் பட்டறைக்காரரின் மகள் இருக்கிறார், தொண்ணூறை நெருங்கியவர். நான் படியேறியதைப் பார்த்ததுமே, "அட, இந்த நடை எனக்குத் தெரியுமே! நொண்டியண்ணன் பேத்தியா நீ?" என்றார். தாத்தாவின் அப்பாவுக்குப் பிறவியிலேயே கால் அப்படியா என்று கேட்டேன். சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "மனுஷன் பட்டாளத்துலேருந்து ஓடி வந்தவரும்மா! நொண்டி எங்கேயாவது அவ்வளவு தூரம் ஓடுவானா?" என்றார். போர் நடக்கும்போதே பட்டறையின் பின்வாசலில் வந்து நின்றாராம். ஓடிவந்தவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம். "உன் நடையே காட்டிக்குடுத்துடும்டா, காலை இழு" என்றாராம் பட்டறைக்காரர். இவரோ காலையில் இடது, மாலையில் வலது என்று மாற்றி மாற்றி இழுத்திருக்கிறார். மறக்காமலிருக்க இடது செருப்புக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக் கொடுத்தார்களாம். தேடுகிறவர்கள் பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து விசாரித்தும் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிடிபட்டிருந்தால் அவர்களுக்கும் சிறைதான். போர் முடிந்த பிறகும் ஏன் நொண்டினார் என்றேன். "ஊருக்கே நொண்டின்னு ஆயாச்சு, திடீர்னு நேரா நடந்தா கேக்க மாட்டாங்களா?" என்றார்.

ஒருவர் வாய்ச்சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொள்பவள் இல்லை. வீட்டுக்கு வந்து, எதையும் சொல்லாமல், தாத்தாவிடம் அவர் அப்பாவின் செருப்பைப் பற்றி மட்டும் கேட்டேன். சின்ன வயதில் அதற்குள் கிடந்த கல்லை எடுத்து எறிந்ததற்கு ஓர் அறை வாங்கினாராம். அப்பாவிடம் வாங்கிய ஒரே அறை, எதற்கென்று இன்றுவரை தெரியாது என்றார். பிறகுதான் முழுவதையும் சொன்னேன். ஓடிவந்தவர் மகன் என்று குன்றிப்போவாரோ என்று எனக்குப் பயம். அவரோ எழுந்து கூடத்தில் நேராக நாலு எட்டு வைத்துப் பார்த்தார். "வரலடி" என்று சொல்லிவிட்டு, பழைய நடையிலேயே போய்த் தண்ணீர் குடித்தார்.

அவர் ஓடியது சரியா என்று என்னைக் கேட்காதே. அவர் விட்டு வந்த இடத்தில் வேறு எவனோ நின்றிருப்பான், அவனுக்குப் பேத்தி இல்லாமலே போயிருக்கலாம். ஆனால் அந்த வீட்டாருக்கு நன்றி சொல்லாமலிருக்க மனம் கேட்கவில்லை. மறுபடி போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னேன். "எனக்கெதுக்கு, அந்தக் கல்லுக்குச் சொல்லு" என்றார்.

உன் மருத்துவரிடம் இது பார்த்துப் பழகிய நடை என்று சொல். அவர் செய்கிற சோதனையையும் செய்யட்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. தாத்தாவின் ஆசியும் எங்கள் ஆசியும் உங்கள் மூவருக்கும். பிள்ளை நடக்கப் பழகும்போது உன்னைப் பார்த்துக் காலை இழுத்தால் பதறாதே, திருத்தாதே. நம்மையெல்லாம் இங்கே கொண்டுவந்து சேர்த்தது அந்த நடைதான்.

உன் அம்மா