மாலத்தீவு வீடும் என் கையெழுத்தும்

தாணுமாலயன் துணை

சாலை, திருவனந்தபுரம்
14-8-1983

பஹ்ரைனில் இருக்கும் மகன் நயினாருக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, உன் தங்கை வடிவு எல்லாரும் சாமி புண்ணியத்தில் சுகம். கரண்டு வேலை பார்க்கிற உன் கைக்கு ஒன்றும் வரக்கூடாதென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே நீ சொன்ன தங்கப்பனும் வந்தான். மாலத்தீவில் வெள்ளைக்காரர்கள் விடுமுறைக்கு வந்து குவிகிறார்களாம், கடற்கரையில் சின்னச் சின்ன வீடு கட்டி விற்கிறார்களாம், ஒன்றை நீ வாங்கிப் போட்டால் வாடகை தானாக வந்துகொண்டிருக்குமாம், அதற்கு நான் இந்த வீட்டை பாங்கில் ஈடு வைக்கக் கையெழுத்துப் போடவேண்டுமாம். ஆள் நம் சுசீந்திரத்துக்காரன், வந்ததும் வராததுமாய் அத்தை அத்தை என்று கூப்பிட்டான், அதில்தான் நீயும் விழுந்திருப்பாய். கோயில் பிரசாதத்தை இலையோடு நீட்டினான், அதற்கு அடியிலே பாங்குத் தாள், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. மஞ்சள் தடவின தாளை நம் வீட்டில் வேண்டாமென்று தள்ளமாட்டோம் என்று அவனுக்கு யார் சொன்னது, நீயா? பிரசாதத்தை எடுத்துக்கொண்டு தாளை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். சாமி அதற்காகக் கோபிக்கமாட்டார். இடத்துக்குப் பழைய பத்திரம், முன்னாதாரம் எங்கே, வரி, கரம் கட்டின ரசீது எங்கே என்று கேட்டேன். கடலுக்கு நடுவில் யார் அத்தை கரம் கட்டுவா என்று சிரித்தான். அப்படியானால் நீ கரையை விற்கிறாயா கடலை விற்கிறாயா என்றேன். மரியாதையில்லாமல் பேசிவிட்டேன் என்று அப்பாவுக்கு என்மேல் கோபம். அவர் அதற்குள் மகன் தீவு வாங்குகிறான் என்று சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. நம் கடைக்கு ஆணியும் கீலும் வாங்க வருகிறவர்களெல்லாம் ராஜா சுகமா என்று கேட்கிறார்கள், அது கேலி என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

தங்கப்பன் கொடுத்த வீட்டுப் போட்டோவைக் கடையில் மாட்டியும் வைத்தார். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. வருஷா வருஷம் வைத்தியத்துக்கு வந்து தம்பானூர் லாட்ஜில் தங்குகிற மாலத்தீவுக்காரி ஒருத்தி, ஊருக்குத் திரும்புமுன் நம்மிடம் சாமான் வாங்குவாள், மலையாளம் கொஞ்சம் பேசுவாள். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது நின்றுகொண்டிருந்தாள். இது உங்கள் ஊர்தானே என்று போட்டோவைக் காட்டினேன். வீட்டுக்குப் பின்னால் தெரிகிற குன்றைத் தொட்டு, எங்கள் நாட்டில் குன்றே கிடையாது அம்மா, எங்களுக்குத் தென்னைதான் உயரம் என்றாள். அப்பா போட்டோவைக் கழற்றிவிட்டார். எனக்கென்னவோ அந்தக் குன்று நம் கோவளத்துப் பாறை மாதிரியே இருக்கிறது. தங்கப்பன் வீட்டுக்கு ஆளனுப்பினேன். வடக்கே போயிருக்கிறானாம், எப்போது வருவான் என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியாதாம்.

அவனுக்கு முன்பணம் ஏதும் கொடுத்தாயா? கொடுத்திருந்தால் போனது போகட்டும், திட்டமாட்டேன், மேற்கொண்டு ஒரு காசு கொடுக்காதே. இந்த வீட்டை விட்டால் வடிவுக்குச் செய்ய நம்மிடம் வேறொன்றும் இல்லை என்று உனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போடமாட்டேன். கோபம் வந்தால் அங்கிருந்து கோபப்படவேண்டாம், லீவு போட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து கோபப்படு, சோறு போட்டுக்கொண்டே கேட்கிறேன்.

வெயிலில் தலைக்குத் துண்டில்லாமல் போகாதே. பத்மநாபசாமி உன் கூடவே இருந்து நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும். பதில் எழுதும்போது முதல் வரியில் முன்பணத்தைப் பற்றி எழுது, சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

உன் அம்மா
ஆ. பார்வதியம்மாள்