அத்தானின் அறுந்த செருப்பு

மலரக்கா,

புட்டு சட்டிக்குள்ளை மூடியிருக்கு, சாப்பிடுங்கோ. வீடு பூட்டின திறப்பு குசினி யன்னலிலை.

நான் சந்தைக்கு வேலைக்குப் போறன். ஒற்றைக் காலன் அரசாங்கம் தாற பிச்சைச் சம்பளத்தோடை வீட்டுக்குள்ளை கிடக்கட்டும், செருப்புத் தைச்சால் குடும்ப மானம் போயிடும் எண்டு அத்தான் என்னைப் பற்றிச் சமூகசேவைக் கந்தோர் ஐயாவிட்டைச் சொன்னவரெல்லே. பிச்சை எடுத்தால் மட்டும் மானம் போகாதாம்.

அந்த ஐயாதான் எனக்குத் தோல் வேலை பழக்குவிச்சவர். சந்தையிலை எங்கை இடம் வேணுமெண்டு கேட்டார். அத்தானின்ரை கடைக்கு நேரெதிரே கேட்டு வாங்கினனான். பலகையிலை என்ரை பேர் இல்லை. ‘தாமோதரம் முதலாளியின் மச்சான், செருப்புத் தைப்பவர்’ எண்டு எழுதுவிச்சிருக்கிறன்.

அழாதேங்கோ. உங்களிலை எனக்குக் கோபமில்லை.

தம்பி வீரகத்தி

அத்தானின்ரை செருப்பு வார் அறுந்து கிடக்கு. ஒருதரிட்டையும் குடுத்துவிடாதேங்கோ. அவரே கையிலை கொண்டு வரட்டும்.