டிஸ்க் நிரம்பிய வாரம்

அக்டோபர் 17, 2005, திங்கள்

விடாத மழை. சைக்கிள் வேண்டாமென்று நடந்தே கடைக்கு.

காலையில் முதலாளி போன். "அருளு, பில்லு ஏற மாட்டேங்குது. டிஸ்க்கு ஃபுல்லுன்னு வருது. தீபாவளி நேரம்பா. உன் கஷ்டம் தெரியுது. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

அவர் மேல் கோபம் இல்லை. போன் வந்ததும் எனக்குள் ஒரு நிம்மதிதான். ஸ்டெல்லா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "போய்ட்டு வந்துடறேன்" என்றேன். அவள் அம்மா, என் அத்தை, அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன வியாழக்கிழமை பாப்பாவைத் தென்னேரியில் புதைத்தோம். எட்டாம் மாதம். வயிற்றிலேயே அசைவு நின்றுவிட்டது. பெண். எழுதிவிட்டேன்.

கடை மாடியில், சேலைப் பெட்டிகளுக்கு நடுவே சர்வர். D டிரைவில் துளி இடமில்லை. பழைய பேக்கப்புகளை அக்கவுண்ட்ஸ் மெஷினுக்கு மாற்றினேன். பில் ஓட ஆரம்பித்தது.

பில் கவுன்ட்டர் பானு மேலே வந்தாள். ஊருக்குப் போயிருந்தவள், விஷயம் தெரியாது. "அண்ணா, லீவு போட்டியாமே! இன்னா குழந்த? ஸ்வீட்டு எங்க?"

"இல்லமா."

"பொண்ணுன்னா ஸ்வீட்டு இல்லையா?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து கீபோர்டு பக்கத்தில் ஒரு டீ. வைத்தது யாரென்று பார்க்கவில்லை.

அக்டோபர் 18, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

நேற்று காலி செய்த இடத்தில் பாதி இன்றைக்கே போய்விட்டது. பில்கள் இவ்வளவு இடம் பிடிக்காது. பில் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸில், அந்த டி.பி.யில், ஒவ்வொரு டேபிளாக அளந்து பார்த்தேன். பில், ஸ்டாக், கஸ்டமர் எல்லாம் சேர்த்தாலும் சின்னதுதான். தேடலுக்கென்று இருக்கும் ஒரே டேபிள் அத்தனையையும்விடப் பெரிது.

ஆவணியில் சென்னை சாஃப்ட்வேர்காரர்கள் போட்டுக்கொடுத்த புதுத் தேடல். பெயர், ஊர், கலர், பார்டர், பில்லில் எழுதும் குறிப்பு, எதில் ஒரு துண்டை அடித்தாலும் பழைய பில் வந்து நிற்கும். "போன வருசம் என் நாத்தனா எடுத்தாளே, மயில்கழுத்துக் கலரு" என்று ஒரு அம்மா சொன்னால் பானு உடனே எடுத்துக் காட்டுவாள். கடையில் எல்லோருக்கும் பெருமை. இதற்காக அது ஒவ்வொரு வார்த்தையையும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனி வரியாக எழுதி வைக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு பில்லைத் திருத்தினால் அத்தனை துண்டையும் மறுபடி எழுதுகிறது. பழையதை அழிப்பதில்லை. தீபாவளிக் கூட்டத்தில் திருத்தாத பில் ஏது?

சென்னைக்குப் போன். அங்கே ஒரு பையன்: "டிசைனே அப்படித்தான் சார். பெரிய டிஸ்க்கா போட்டுருங்க." டிஸ்க் வருவதற்குள் தீபாவளி போய்விடும்.

கிளம்பும்போது அத்தை போன். "மல்லி வாங்கிக்கினு வாப்பா. கட்ன பூவு."

"எதுக்கு அத்த?"

"பால் கட்டிக்கினு அழுவுது அது. மாருல பூ வெச்சிக் கட்டுனா வத்தும்."

காமாட்சியம்மன் கோயில் பக்கம் பூக்காரம்மா. "வூட்ல விசேசமாப்பா?" தலையை ஆட்டினேன். பாவம், கொஞ்சம் கூடவே அளந்து கொடுத்தார்.

அக்டோபர் 19, புதன்

மூட்டம். மழை இல்லை.

அவசரப்பட்டுவிட்டேன். பழைய துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அழித்தேன். அழிக்கிற ஒவ்வொரு வரியையும் முதலில் லாக் ஃபைலில் எழுதிக்கொண்டுதான் டி.பி. அழிக்கும். எனக்குத் தெரியாததா? லாக் உப்பிக்கொண்டே போய் மிச்சமிருந்த இடத்தையும் தின்றது. சரியான கூட்ட நேரத்தில் பில் நின்றது. கீழே ஒரே சத்தம். "முகூர்த்தப் பொடவ எடுக்க வந்தா முகூர்த்தமே முடிஞ்சிடும் போலக்குதே!" பானு கையால் பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

முதலாளி மேலே வந்து கத்தினார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "உனுக்கு மனசு இங்க இல்லபா. வூட்டுக்குப் போ."

"இல்ல சார், இங்கயே இருக்கறேன்." கெஞ்சுகிற குரலாக வந்தது. அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

லாக்கைச் சுருக்கி, மறுபடி ஓடவைத்து, வீடு.

ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தாள். மல்லி வாசனை அறை முழுக்க.

"ஆஸ்பத்திரில எனக்குக் காட்டல. அம்மாவும் காட்ட வேணாம்னுட்ச்சி. நீங்கதான பாத்தீங்க. பாப்பா யார மாதிரி இருந்திச்சி?"

"கடைலேர்ந்து போன் வருது" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

போன் எதுவும் வரவில்லை. அவளுக்கும் தெரியும்.

அக்டோபர் 20, வியாழன்

மழை. ஒரு வாரம்.

வேலைக்குப் போய்த் திரும்பினால் வீடு பூட்டு. சாவி பக்கத்து வீட்டில். "அம்மாவும் பொண்ணும் வாலாஜாபாத் போய்ட்டாங்க தம்பி. நீ சொல்லித்தான் அனுப்புனன்னு நெனச்சேனே?"

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. என் சட்டைகள் மடித்து. பாப்பாவுக்கென்று வாங்கிய பச்சைச் சட்டை மட்டும் இல்லை. எடுத்துப் போயிருக்கிறாள்.

போன் செய்தேன். அத்தைதான் எடுத்தார். "தூங்குது" என்றார். பின்னால் அழுகைச் சத்தம்.

சமைக்கவில்லை. பன்னும் டீயும்.

அக்டோபர் 21, வெள்ளி

நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர்.

கடை திறக்கும் முன்பே போனேன். இன்று செய்தவை:
— முதலாளியிடம் அனுமதி. அவர் சொன்னது: "தேடறதும் நிக்கக் கூடாது, பில்லும் நிக்கக் கூடாது."
— பழைய பில்லின் குறிப்புகளைத் தேடலிலிருந்து எடுத்துவிட்டது. பெயர், ஊர், கலர், பார்டர் மட்டும் இருக்கட்டும்.
— பழைய துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. ஒவ்வொரு தொகுதிக்குப் பிறகும் லாக்கைக் காலி செய்து, பார்த்து, அடுத்தது.
— பில் திருத்தினால் முதலில் பழைய துண்டு அழிய ஒரு சின்ன புரோகிராம். ஓடுகிறது.

அழித்தும் ஃபைலின் அளவு குறையவில்லை. குறையாது. உள்ளே இடம் காலி; புதுசு அதிலேயே போய் உட்காரும். தீபாவளி வரை கவலையில்லை.

பானு மயில்கழுத்து என்று அடித்துப் பார்த்தாள். வந்தது. "சூப்பர்ணா!" கவுன்ட்டரில் எல்லோரும் கை தட்டினார்கள். பாத்ரூம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதைச் சரிசெய்ய முடிந்ததே என்றுதான் அழுகை.

வெளியே வந்தால் முதலாளி. "எல்லாம் ஓடுதில்ல? அப்ப நாளைக்கு இங்க வராத. எங்க போவணுமோ அங்க போ."

அக்டோபர் 22, சனி

தூறல். வாலாஜாபாத் பஸ். எல்லோரும் ஆற்றைப் பற்றியே பேச்சு. "பாலாத்துல தண்ணிபா! எவ்ளோ வருசம் ஆச்சி." நானும் எட்டிப் பார்த்தேன். எதுவும் மனதில் ஏறவில்லை.

அத்தை கதவைத் திறந்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஸ்டெல்லா பாயில். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"முடி நெறைய. நெத்தில ஒட்டிக்கினு இருந்திச்சி."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மூக்கு உன்னுது. காது என்னுது. வெரல் நீளம்."

"கண்ணு?"

"மூடிக்கினு இருந்திச்சி. தெறந்து பாக்கணும்னு நெனச்சேன். பயமா இருந்திச்சி ஸ்டெல்லா."

"தூக்குனீங்களா?"

"தென்னேரி வரைக்கும் என் மடிலதான். கனமா இருந்திச்சி. நான் நெனச்சத விட."

"என்ன துணி சுத்துனீங்க?"

"என் வெள்ள வேட்டி."

"அந்தப் பச்ச சட்டயப் போட்டிருக்கலாமில்ல?" என்றாள். அப்புறம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான் பிடித்துக்கொண்டேன். அடித்தாள். அடிக்கட்டும்.

ரொம்ப நேரம் கழித்து: "எஸ்தர்னு கூப்ட்டீங்களா? மண்ணு போடறப்ப?"

அந்தப் பெயர்தான் வைக்கலாமென்று இரண்டு பேரும் பேசியிருந்தோம்.

"இல்ல. வாய் வரல."

"யாருமே கூப்பிடல."

"யாருமே கூப்பிடல."

அக்டோபர் 30, ஞாயிறு

வெயில். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, கடையில் நிற்க இடமிருக்காது. முதலாளியிடம் லீவு கேட்டேன். காரணம் கேட்கவில்லை.

ஸ்டெல்லாவும் நானும் தென்னேரி. பச்ச உடம்பு, வேண்டாம் என்று அத்தை எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. ஏரி நிரம்பிக் கரை வரை தண்ணீர். கல்லறைத் தோட்டம் சேறு. இடத்தைக் காட்டினேன். மழையில் மண் அமுங்கியிருந்தது. கையால் அள்ளிப் போட்டு மேடாக்கினாள். நானும் அள்ளிப் போட்டேன்.

"எஸ்தர்" என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, சத்தமாக.

என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

கூப்பிட்டேன்.